இரண்டு காசும் நான்கு பூட்டும்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் லைஸ்னிக் என்றொரு சிறிய ஊர். 1523இல் அந்த ஊர்ச் சபையார் கூடி, காணிக்கையையும் கோயில் வருமானத்தையும் சேர்த்து ஒரே பொதுப் பெட்டியில் வைப்பதென்று தீர்மானித்தார்கள். பெட்டிக்கு நான்கு பூட்டு. ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று ஊருக்குள் குடியிருந்த பொதுமக்களிடம், ஒன்று சுற்றுவட்டாரத்து உழவர்களிடம். நான்கு தரப்பும் வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். நிர்வாகிகள் பத்துப் பேர்: பிரபுக்கள் இருவர், மன்றத்தார் இருவர், நகரத்தார் மூவர், உழவர் மூவர். அவர்கள் ஞாயிறுதோறும் கூட வேண்டும். வரவு செலவை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைச் சபையார் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், முதியோர், அநாதைப் பிள்ளைகள், தொழில் நொடித்துப்போன கைவினைஞர், பஞ்சத்துக்கு வாங்கி வைக்கும் தானியம் எல்லாவற்றுக்கும் பணம் அந்தப் பெட்டியிலிருந்துதான். மார்ட்டின் லூதர் இந்த ஒழுங்குக்கு ஒரு முன்னுரை எழுதி அச்சில் கொண்டுவந்தார்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அதே லூதர் 95 கருத்துகளை வெளியிட்டு அப்போது ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. திருச்சபைச் சீர்திருத்தம் வேதத்தைப் பற்றிய சண்டையாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் காசு யார் கையில் இருக்கிறது, எதற்குப் போகிறது என்ற கேள்வியும் அதன் வயிற்றில் இருந்தது. லைஸ்னிக் ஏற்பாடு நினைத்தபடி நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய அறக்கட்டளைச் சொத்துகளை விட்டுக்கொடுக்க நகர மன்றம் மறுத்தது. லூதர் இளவரசருக்கு எழுதி முறையிட நேர்ந்தது. இருந்தும் அந்த மாதிரி பரவியது. 1528இல் பிரவுன்ஷ்வைக் நகரச் சபைக்கு ஒழுங்கு வகுத்த யோகன்னஸ் பூகன்ஹாகன் இன்னும் ஒரு படி மேலே போய், ஏழைகளுக்கு ஒரு பெட்டி, ஆலயச் செலவுக்கு வேறொரு பெட்டி என்று பிரித்தே வைத்தார். கட்டடத்தின் பசி ஏழையின் சோற்றைத் தின்றுவிடக் கூடாதென்பது அதன் நோக்கம்.

கொடுப்பதைப் பற்றி ஆலயங்களில் நிகழ்த்தப்படும் பிரசங்கங்கள் பெரும்பாலும் கொடுப்பவரின் இருதயத்தைப் பற்றியவை. உற்சாகமாய்க் கொடு, முதற்பலனைக் கொடு, மறைவாய்க் கொடு. வாங்கிவைப்பவரின் கடமையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பேச்சு வந்தாலும் அது நிர்வாகம், தணிக்கை என்று வேறு அறைக்குப் போய்விடுகிறது. ஆனால் திருச்சபை வரலாற்றில் மக்கள் தாராளமாகக் கொடுத்த காலங்களை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இரண்டு காரியங்கள் சேர்ந்தே இருந்திருக்கின்றன. கொடுத்தவர்களுக்கு அந்த வேலை தங்களுடையது என்ற எண்ணம் இருந்தது; பணம் போன வழி அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்: கொடையும் கணக்கும் ஒரே பக்திதான்.

இதற்கு மிகப் பழைய சாட்சி பவுல். எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளில் அவர் பணம் திரட்டினார். யூதரல்லாத சபைகள் தாய்ச்சபைக்குச் செய்த உதவி அது. அதனால் அதற்கு இறையியல் கனமும் உண்டு. 1 கொரிந்தியர் 16ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லும் ஏற்பாடு நடைமுறை சார்ந்தது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தத்தம் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தான் வந்த பிறகு அவசரமாக வசூல் நடத்தக் கூடாது. சபை தேர்ந்தெடுக்கும் ஆட்களே நிருபங்களோடு பணத்தைக் கொண்டுபோக வேண்டும். 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இதை இன்னும் தெளிவாக்குகிறார். தீத்துவோடு, சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரர்களும் போகிறார்கள். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தங்கள்மேல் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனிதருக்கு முன்பாகவும் நேர்மையாகத் தெரிய வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலன் என்பதால் தன்னைச் சந்தேகிக்கக் கூடாதென்று அவர் கேட்கவில்லை. தன்னைச் சோதிப்பதற்கான வழியைத் தானே ஏற்படுத்திக் கொடுக்கிறார். கொரிந்தியரின் தாராளத்தைத் தூண்டும் வசனங்களும் இந்த வசனங்களும் ஒரே அதிகாரத்தில், சில வரிகள் இடைவெளியில் நிற்கின்றன. காணிக்கைப் பிரசங்கத்துக்கு முன்னவை எடுக்கப்படுகின்றன, பின்னவை விடப்படுகின்றன.

விதவையின் இரண்டு காசுக்கும் இதே கதிதான். மாற்கு 12இன் முடிவில் வரும் அந்த ஏழை விதவை எல்லாக் காணிக்கைப் பிரசங்கங்களிலும் வந்துவிடுகிறாள். அவள் தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போட்டாள் என்று இயேசு சுட்டிக்காட்டினார். ஆனால் அதற்குச் சற்று முன்பு, நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை அவர் கண்டித்திருக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலோ, அவள் காசு போட்ட அதே ஆலயம் கல்லின்மேல் கல்லிராமல் இடிக்கப்படும் என்கிறார். அடிசன் ரைட் என்ற வேத அறிஞர் 1982இல் எழுதிய கட்டுரை இந்த முன்பின் தொடர்பைக் காட்டி, இயேசு அவளைப் புகழ்ந்தாரா, அவள் நிலையைக் கண்டு வருந்தினாரா என்று கேட்டது. விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டும் உண்டு என்றே தோன்றுகிறது. அவளுடைய கொடை உண்மையானது. அதை வாங்கிக்கொண்ட அமைப்பு அவளுக்கு என்ன செய்தது என்ற கேள்வியும் உண்மையானது. ஏழைகளிடம் கடைசிக் காசையும் கேட்கிற சபை, மறுநாள் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கவும் கடன்பட்டிருக்கிறது.

ஆதிச் சபை அதைக் கேட்டது. கிறிஸ்துவுக்குப் பின் 155 வாக்கில் ஜஸ்டின் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு ஆராதனையை வருணிக்கிறார். வசதியுள்ளவர்கள் விருப்பப்படி கொடுப்பார்கள். அது சபைத் தலைவரிடம் சேரும். அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் ஆகியோருக்கு அவர் பொறுப்பு. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 197 வாக்கில் எழுதும்போது மாதத்துக்கு ஒரு நாள் காணிக்கை உண்டு, யாரையும் வற்புறுத்துவதில்லை என்று அழுத்திச் சொல்கிறார். ஏழைகளின் அடக்கச் செலவு, வயதாகி வீட்டோடு முடங்கிய அடிமைகள், கப்பல் உடைந்து பிழைத்தவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் அவர் பட்டியலில் வருகிறார்கள். 251 வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்றைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். அப்போது ரோமாபுரிச் சபை விதவைகளும் வறியவர்களுமாக 1,500 பேருக்கு மேல் தாங்கிவந்தது என்று அது சொல்கிறது. சட்டப்படி அங்கீகாரம்கூட இல்லாத, அவ்வப்போது வேட்டையாடப்பட்ட ஒரு கூட்டம் செய்த காரியம் இது.

பிறகு அரசும் சபையும் கைகோத்தன. 779இல் பிராங்கு அரசர் சார்லமேன் தசமபாகத்தைச் சட்டமாக்கினார். கொடை வரியானது. வரியின் கசப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்து போதும். கத்தோலிக்க உழவர்கள், தாங்கள் ஒருநாளும் கால்வைக்காத ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. 1830களில் அது கலவரமாக வெடித்து இரு பக்கமும் உயிர்கள் போயின.

கட்டாயம் இல்லாத இடத்திலும் மனம் தானாகத் திறந்துவிடுவதில்லை. அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் கொடையை ஆராய்ந்து கிறிஸ்டியன் ஸ்மித், மைக்கேல் எமர்சன், பட்ரிஷியா ஸ்னெல் ஆகியோர் 2008இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். உலகத்தின் மிகப் பணக்காரக் கிறிஸ்தவக் கூட்டத்தில் ஐந்தில் ஒருவர் எதுவுமே கொடுப்பதில்லை என்று அவர்கள் கண்டார்கள். வருமானம் ஏற ஏறக் கொடையின் விகிதம் ஏறவும் இல்லை. காரணங்களைத் தேடியபோது அவர்கள் கண்டவற்றில் இரண்டு முக்கியமானவை: பணம் ஒழுங்காகப் பயன்படுமா என்ற அவநம்பிக்கை, திட்டமிடாமல் அன்றைக்குத் தோன்றியதைப் போடும் பழக்கம். பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன இரண்டு வழிகளும் இந்த இரண்டு நோய்க்கும் மருந்தாகவே இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தியத் திருச்சபை வரலாற்றில் தன் காலில் நிற்பது பற்றி யாராவது எழுதினால் திருநெல்வேலியைத் தொடாமல் போக முடியாது.

பாளையங்கோட்டையில் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிற்றாலயம் குளோரிந்தா என்ற பிராமண விதவையின் முயற்சியால் எழுந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பெயர்கள். அந்த மண்ணின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் ஒரு பெண்ணின் கொடையிலிருந்து தொடங்கியது என்பதை அவ்வூர்ச் சபைகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பின்னால் வந்த காலத்தில் வெளிநாட்டுப் பணம் பெருகியது. களக்காடு அருகே உள்ள டோனாவூர் என்ற ஊரின் பெயரே, பணம் அனுப்பிய புருசியப் பிரபு டோனாவின் பெயர்தான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்தப் பழக்கத்துக்கு நடுவிலும் வேறொன்றை முயன்றார். மதம் மாறியதால் வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். துன்பப்பட்டவர்களுக்குச் சொந்த மண் கிடைத்தது. அதோடு உதவுவது சபையாரின் சொந்த வேலை என்ற எண்ணமும் ஊன்றப்பட்டது.

லண்டனில் சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று எழுதி வந்தார். அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சனும் அதையே சொன்னார். இதில் தாங்குவது மட்டும் சுதேசிகள் தலையிலும் ஆளுவது மிஷனெரிகள் கையிலும் நீண்ட காலம் நின்றுபோனதுதான் பல மிஷன்களின் வருத்தமான கதை. காசு கேட்கப்பட்டது, சாவி கொடுக்கப்படவில்லை.

அந்தச் சாவியைக் கேட்டு வாங்கியவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர்; ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுதும் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவருவதைக் கண்டார். தாய்த்தமிழ்நாட்டில் பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் இருக்க, அவர்கள் கரைக்கு யாழ்ப்பாணத்தார் மிஷன் நடத்துகிறார்கள் என்பது அவரை உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது ஏற்பாடு. முதல் மிஷனெரியாக சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் சமஸ்தானத்து டோர்ணக்கல் பகுதிக்குப் போனார். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் அனைத்திந்திய அளவில் தேசீய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதிலும் அசரியாவின் கை இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. திருநெல்வேலிச் சபையார் அப்போது திடீரென்று பணக்காரர்களாகிவிடவில்லை. பனையேறிகளும் சிறு உழவர்களும் உபாத்தியாயர்களும் நிறைந்த சபைகள் அவை. தங்கள் குருவானவரின் சம்பளத்தையே தேடித் திரட்டிக்கொண்டிருந்த மக்கள், மொழி தெரியாத தெலுங்குச் சீமைக்கு ஆள் அனுப்பக் கொடுத்தார்கள். ஏனென்றால் போனவர் அவர்கள் பிள்ளை. அவருடைய கடிதங்கள் அவர்கள் மொழியில் அவர்கள் ஊருக்கு வந்தன. எங்கே போகிறது என்று தெரியாத பொது நிதிக்குக் கொடுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்திய மிஷனெரி சங்கம் இன்றும் இயங்குகிறது. 1950களின் இறுதியில் சிறு ஜெபக் குழுக்களாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக் குழுவும் இதே வழியைப் பிடித்தது: ஒரு குழு கூடுகிறது, ஜெபிக்கிறது, மாதந்தோறும் கொடுக்கிறது, ஒரு மிஷனெரியைத் தாங்குகிறது.

அசரியா 1909இல் தானே டோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். இடையில் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அங்கிருந்த பலரைச் சங்கடப்படுத்தியது. மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் நண்பர்களாக இருக்கவில்லை என்றார். கொடுப்பவர் எப்போதும் மேலேயும் வாங்குபவர் எப்போதும் கீழேயும் இருக்கும்போது தோழமை வளராது என்பது அவர் பட்டறிந்த உண்மை. அவருடைய திருமண்டலத்தில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமற்ற கூலிகள். ஏழைகள் என்பதால் அவர்களிடம் கேட்கக் கூடாது என்று சொல்வது இரக்கம் போலத் தெரியும். அசரியா அப்படி எண்ணவில்லை. தானியம், கோழி, முட்டை என்று இருப்பதைக் கொண்டுவரச் செய்தார். காலங்காலமாக வாங்கும் கையாகவே நடத்தப்பட்டவர்களைக் கொடுக்கும் கையாக மதித்தார். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார். 1930களில் அந்தத் திருமண்டலத்துச் சபை மக்கள் தொகை 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலோடு எழும்பிய டோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அசரியாவின் இந்த முறையில் ஒரு ஆபத்தும் உண்டு. ஏழைக்கும் கொடுக்கும் கண்ணியம் உண்டு என்பது உண்மை. அந்த உண்மையையே கருவியாக்கி, விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய், கடன் வாங்கியாவது விதை என்று ஏழையை மிரட்டும் மேடைகளும் இன்று இருக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினமல்ல. டோர்ணக்கல்லில் பேராயர் அந்த மக்களோடு அதே கிராமங்களில் நடந்தார். கொடுத்தது அந்த மக்களின் பள்ளிக்கும் உபதேசியாருக்கும் திரும்பி வந்தது. செழிப்பு உபதேச மேடையில் பணம் ஒரு குடும்பத்தின் அறக்கட்டளைக்குள் போகிறது, கணக்கு வெளியே வருவதில்லை. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த திதகே என்ற கையேடு, ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. இத்தனை பழமையான எச்சரிக்கை இன்னும் தேவைப்படுவது வேதனை.

பிடி அரிசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. மிசோரத்தில் 1910 வாக்கில் பெண்கள் தொடங்கிய வழக்கம் அது. சோறு வடிக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து, விற்று, சபையில் சேர்ப்பார்கள். புஃபாய் தாம் என்று மிசோ மொழியில் அதற்குப் பெயர். ஒரு நூற்றாண்டு கடந்தும் அது நிற்கவில்லை. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையின் மிஷன் பணிக்கு அது பெரிய தூண். கொரியாவிலும் இதே வழக்கம் வேறு பாதையில் வளர்ந்தது. 1890இல் சீனாவிலிருந்து சோல் நகருக்கு வந்த ஜான் நீவியஸ், உள்ளூர்ச் சபை தன் ஊழியரைத் தானே தாங்க வேண்டும், தன் சக்திக்கு ஏற்ற கட்டடத்தைத் தானே கட்ட வேண்டும் என்று அங்கிருந்த இளம் மிஷனெரிகளுக்கு அறிவுரை சொன்னார். கொரியப் பெண்கள் சமைக்கும்போது ஒதுக்கிய அரிசிக்கு அங்கே சங்மி என்று பெயர். பணமில்லாதவர்கள் சுவிசேஷ ஊழியத்துக்குத் தங்கள் நாட்களையே எழுதிக் கொடுத்தார்கள்.

பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தமிழ்நாட்டில் காஞ்சி மடமும் பிடி அரிசித் திட்டம் நடத்தியிருக்கிறது. ஆனால் மிசோரத்தின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. வீட்டில் பணத்தைக் கையாளும் உரிமை ஆணிடம் இருந்தபோது, அரிசிப் பானை பெண்ணிடம் இருந்தது. தன் ஆளுகையில் இருந்த ஒரே பொருளிலிருந்து அவள் கொடுத்தாள், பிறகு சேகரிப்பையும் அவளே நடத்தினாள். வருடத்துக்கொரு முறை வரும் பெரிய நன்கொடைக் கூட்டத்தைவிட, தினமும் இரண்டு வேளை நினைவுகூரும் இந்தச் சிறு செயல் ஒரு சபையை ஆழமாக மாற்றியது.

இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சபைகளில் கொடுக்கும் வழக்கத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு காணிக்கைப் பை, சங்கக் காணிக்கை, தசமபாக உறை, பிறந்தநாள் திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, பொருத்தனை, அறுப்பின் பண்டிகை, ஊரே கூடிச் சாப்பிடும் அசனம். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் நடக்கும். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய், கருப்பட்டி, நாட்டுக்கோழி. சந்தையில் சில ரூபாய் பெறும் முட்டை அங்கே நூறுகளில் போகும். ஏலம் ஒரு அழகான ஏற்பாடு. பூசணிக்காயைச் சுமந்து வந்தவரும் கொடுத்தார். அதை ஏலத்தில் எடுத்தவரும் கொடுத்தார். காசில்லாதவரின் காணிக்கைக்கு விலை ஏறுகிறது. அதே ஏலம் இரண்டு குடும்பங்களின் மானப் போட்டியாக மாறும்போதோ, முட்டையைக் கொண்டுவந்த மூதாட்டியை யாரும் நினைப்பதில்லை.

பெயர்ப் பலகையும் அப்படித்தான். மின்விசிறியின் இறக்கையில், பெஞ்சின் முதுகில், மணிக்கூண்டின் பளிங்கில் உபயம் என்று பெயர்கள். நன்றியறிதல் நல்லது. ஆனால் பெயர் பொறிக்க இடமுள்ள பொருளுக்கே பணம் வருகிறது என்பதைச் சபைகள் கவனிக்க வேண்டும். கோபுரத்துக்கு லட்சங்கள் திரளும் சேகரத்தில், கிராமம் கிராமமாகப் போய் ஜெபம் நடத்தும் சபை ஊழியரின் மாதச் சம்பளம் கூலித்தொழிலாளியின் வரவைவிடக் குறைவாக இருப்பதைப் பலர் அறிவார்கள். அவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. பூகன்ஹாகன் இரண்டு பெட்டிகளைப் பிரித்து வைத்த காரணம் இங்கே இன்னும் பொருந்துகிறது: கட்டட நிதியாக இவ்வளவு சேர்ந்தால், ஊழியருக்கும் ஏழைக்கும் இன்ன பங்கு என்று சபைக் கமிட்டி முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம்.

நம்பிக்கை உடைந்த இடங்களையும் பேசத்தான் வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாகி உருவான தென்னிந்தியத் திருச்சபை, சொந்த மண்ணின் சபை என்ற பெரும் கனவின் நிறைவு. அதன் சில திருமண்டலங்களில் தேர்தலும் சொத்தும் நீதிமன்றப் படியேறி, நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை வந்தது பொதுவெளியில் உள்ள செய்தி. வழக்குகளின் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. சபையின் பார்வையில் இழப்பு வேறு: வாரந்தோறும் காணிக்கைப் பையில் போடும் கையில் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. அப்படித் தயங்குபவரை விசுவாசமில்லாதவர் என்று மேடையிலிருந்து கண்டிப்பது அநியாயம். உக்கிராணக்காரரிடம் கணக்குக் கேட்கும் உரிமையை வேதமே கொடுத்திருக்கிறது.

கணக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டறிக்கை அச்சாகிறது, தணிக்கையாளர் கையெழுத்திடுகிறார். ஆனால் தணிக்கை மொழியில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களைப் படித்து, கடந்த வருடம் எத்தனை விதவைகளுக்கு உதவினோம் என்று ஒரு சாதாரண உறுப்பினரால் சொல்ல முடியுமா? இதை மாற்றப் பெரிய செலவு இல்லை. மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில், எளிய தமிழில், வந்தது இவ்வளவு, போனது இன்னின்னவற்றுக்கு என்று எழுதி ஒட்டலாம். உண்டியலை எண்ணும்போது உறவினரல்லாத மூவர், அதில் ஒரு பெண்ணும் ஒரு இளைஞரும், உட்காரலாம். பெயர் வெளியே சொல்லாமல் மருத்துவ உதவி எத்தனை பேருக்குப் போனது என்பதை அறிவிக்கலாம். இவை சந்தேகத்தால் வரும் ஏற்பாடுகள் அல்ல. பொறுப்பில் இருப்பவரின் நற்பெயரையும் இவை காக்கின்றன. பவுல் தனக்காகக் கேட்டுக்கொண்ட பாதுகாப்பும் இதுவே.

இப்போது இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வருகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. ஓர் அமைப்பு வாங்கியதை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதையும் தடுத்தது. வெளிப் பணத்தை நம்பியிருந்த விடுதிகளும் ஊழியங்களும் தடுமாறின. சொந்தப் பணத்தில் நிற்க முடியுமா என்ற அசரியாவின் கேள்வி நூறாண்டு கழித்து சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாவது, கைபேசி. ஆலய வாசலில் கியூஆர் பலகை வைத்த சபைகள் பல. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர்க் கோயில் அசனத்துக்கு நொடியில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் தடயம் இருப்பதால் கணக்குக்கு இது நல்லது. ஆனால் பையைக் கடத்தும்போது பக்கத்தில் நின்ற பிள்ளையின் உள்ளங்கையில் தாய் ஒரு நாணயத்தை வைத்துப் போடச் சொல்வாளே, அந்தப் பயிற்சிக்கு மாற்று என்னவென்று ஞாயிறு பள்ளிகள் யோசிக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் கைச்செலவிலிருந்து சேர்த்து, எதற்குக் கொடுப்பது என்று தாங்களே கூடிப் பேசி முடிவெடுக்க விட்டால், கொடுப்பதையும் ஆளுவதையும் ஒருசேரக் கற்றுக்கொள்வார்கள்.

பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன இன்னொரு நோக்கம் சமநிலை. ஒருவருடைய நிறைவு மற்றவருடைய குறைவுக்கு உதவ வேண்டும். இதைத் தமிழ்ச் சபைகள் பேசாமலேயே செய்துகொண்டிருக்கின்றன. பல திருமண்டலங்களில் சேகரங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைத் திருமண்டலத்துக்குக் கட்டுகின்றன; குருவானவர்களின் சம்பளம் அங்கிருந்து வருகிறது. அதனால் நகரத்துப் பெரிய ஆலயத்தின் குருவானவரும், ஐம்பது குடும்பங்கள் மட்டும் உள்ள மானாவாரிக் கிராமத்துக் குருவானவரும் ஒரே சம்பள அட்டவணைக்குள் வருகிறார்கள். ஆனால் நகரத்துச் சேகரத்தில் அந்தப் பங்கு திருமண்டலம் எடுத்துக்கொள்ளும் தொகை என்றுதான் பேசப்படுகிறது. அதைக் குறைக்கச் சொல்லிக் கமிட்டியில் வாக்குவாதம் நடக்கிறது. எந்தெந்தக் கிராமச் சேகரங்களின் ஆராதனையும் பள்ளியும் அந்தப் பங்கால் நிற்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆண்டறிக்கையில் அந்தக் கிராமங்களின் பெயர்களை அச்சிடலாம். வருடத்தில் ஒரு ஞாயிறு, நகரத்துச் சபையார் அங்கே போய் ஆராதித்துவிட்டும் வரலாம். கிராமத்துச் சபையார் தங்கள் அறுப்பின் பண்டிகைத் தானியத்தோடு நகரத்துக்கு வரவும் செய்யலாம்.